குதிரை போட்டவர்கள்

டோர்னா தீவு
செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

சேசு மரி சூசை துணை. நானும் ஜார்லத்தும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே மழையை அறிவிக்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? மடத்தில் இன்னும் கணப்பு மூட்டவில்லை என்று எழுதியிருந்தாய். அக்டோபர் வரை குளிர் கிடையாது என்று உங்கள் மடத்துத் தலைமைத் தாயார் தீர்மானித்துவிட்டால் ஆண்டவரும் என்ன செய்வார்?

வழக்கம்போல ஆர்லா டீச்சர் கையில் சோடா ரொட்டி இரண்டும் நெல்லிக்காய் ஜாமும் கொடுத்தனுப்புகிறேன். அவள் அம்மாவைப் பார்க்க கால்வே வருகிறாள். நல்ல பெண், அக்கா. மூன்று வருஷத்தில் மூன்று டீச்சர் ஓடிப்போன பள்ளிக்கூடம் இது. இவள் ஒரு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டாள். ஏழே பிள்ளைகள். அதில் இரண்டு நம் மகள் திரேசாவுடையது. இவளும் போய்விட்டால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவோம் என்று மேலிடம் எழுதியே கொடுத்துவிட்டது. பூட்டினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குக் குடிபோவேன் என்று திரேசா சொல்கிறாள். நான் தினமும் ஆர்லாவுக்காக ஜெபமாலையில் பத்து மணி சேர்த்து உருட்டுகிறேன்.

இங்கே வேறொரு கூத்து. ஜனாதிபதி தேர்தல் வருகிறதல்லவா? ஃபிலோமினாவைத் தெரியுமே உனக்கு. கடை அவளுடையது, படகு அவள் புருஷன் ஃபெஸ்டியுடையது, இப்போது போனில் இருக்கும் தீவுக் குழுவும் அவள் கையில். படகு நேரம், நிலக்கரி வரும் நாள், பூசை நேரம் எல்லாம் அதில்தான் வரும். அதில் அவள் ஓர் அறிவிப்புப் போட்டிருக்கிறாள்: 'கானல் ஹெகார்ட்டியின் கொள்ளுத் தாத்தா டோர்னாவில் பிறந்தவர். நம் ரத்தம். ஹெகார்ட்டிக்குத்தான் ஓட்டு என்பவர்கள் ஒரு குதிரைப் படம் போடுங்கள்.' ஹெகார்ட்டி வானொலியில் குதிரைப் பந்தயம் சொல்கிறவன் என்பதால் குதிரை. அந்தக் கொள்ளுத் தாத்தா பதினாறு வயதில் இந்தத் தீவு வேண்டாம் என்று ஓடியவர். ஓடியவருக்கு இருந்த புத்தி இருந்தவர்களுக்கு இல்லை.

மடத்தில் எல்லோருக்கும் என் வணக்கம்.

உன் தங்கை,
டெலியா


கால்வே மடம்
செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் இருப்பதாக. இருமல் பரவாயில்லை. கணப்பு இன்னும் இல்லை. ரொட்டியை வெள்ளிக்கிழமை கஞ்சியோடு எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டோம். ஆர்லா பார்வையாளர் அறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உன் பேரப்பிள்ளைகளின் சேட்டைகளைச் சொன்னாள். சகோதரி பெனடிக்டாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டது.

தேர்தலன்று எங்களையும் ஒரு வண்டியில் கூட்டிப்போவார்கள். பதினோரு பேரும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புவோம். யாருக்குப் போட்டாய் என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டதில்லை. மௌன விரதத்தில் எனக்கு மிகவும் எளிதான பகுதி அதுதான்.

குழுவில் நீ என்ன போட்டாய் என்று எழுதவில்லையே?

ஜார்லத்தின் முழங்காலுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
சகோதரி கொலும்பா


டோர்னா
அக்டோபர் 2, காவல் தூதர்கள் திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

அன்னையின் அருளால் எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்தது. சகோதரி பெனடிக்டாவின் விக்கல் நின்றதா?

குழுவைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். முதல் நாள் ஏழெட்டுக் குதிரை. ஞாயிறு பூசை முடிந்ததும் இருபது. இப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டது. ஓடுகிற குதிரை, நிற்கிற குதிரை, தொப்பி போட்ட குதிரை. பேடின் கிழவனுக்குக் குதிரைப் படம் கிடைக்காமல் கழுதையைப் போட்டுவிட்டு, அதற்கு ஒரு விளக்கமும் எழுதினான். போனைத் திறந்தாலே லாயத்து நாற்றம். ஜனாதிபதிக்கு நம் நாட்டில் வேலை கைகுலுக்குவதும் மரம் நடுவதும். ஹெகார்ட்டி வந்தால் படகுத்துறையை நீட்டிக் கட்டித் தருவான் என்று இவர்கள் நம்புவதைப் பார்த்தால், ஓட்டுரிமைக்கு ஒரு பரீட்சை வைக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

போன வாரம் வானொலியில் அவனிடம் டோர்னா எந்த மாவட்டம் என்று கேட்டார்கள். டொனகல் என்றான். தீவில் எல்லா வீட்டிலும் அதே வானொலிதான் ஓடியது. மறுநாள் ஒருத்தர் வாயிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'அவருக்குக் களைப்பு' என்று ஃபிலோமினா குழுவில் எழுதினாள். அதற்கும் குதிரை போட்டார்கள்.

ஆர்லாதான் எழுதினாள்: 'நம்ம தீவு எங்க இருக்குன்னு தெரிஞ்ச ரோவீனா பைக்குக்கு முதல் ஓட்டு. தெரியாத ஹெகார்ட்டிக்கு இரண்டாவது ஓட்டு.' பைக் ஹெகார்ட்டியை எதிர்த்து நிற்கிற ஓய்வுபெற்ற நீதிபதி. அதே கேள்விக்கு அவள் கால்வே என்று சரியாகச் சொல்லியிருந்தாள்.

அன்று கடையில் நானும் இருந்தேன். ஆர்லா பால் வாங்க வந்தாள். ஃபிலோமினா தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன டீச்சரம்மா, கோர்ட்டம்மாவுக்குத்தான் ஓட்டாமே?"

"ஆமா. ரெண்டாவது உங்க ஆளுக்கு. அதுவும் ஓட்டுத்தானே?"

"எப்படி, ரெண்டாந்தாரம் மாதிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"தப்பில்லம்மா, நீ வெளியூரு. ரத்தம் வேற."

"அவரும் வெளியூருதான். டொனகல்னு அவரே சொன்னாரே."

அப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவள் வாசலைத் தாண்டுவதற்குள் ஃபிலோமினா போனை எடுத்தாள். ஆர்லாவைக் குழுவிலிருந்து நீக்கியாயிற்று. 'ஒற்றுமைக்காக' என்று ஒரு வரி போட்டாள். அதற்கும் கீழே குதிரைகள்.

முட்டைக்கோசு நன்றாக வந்திருக்கிறது. திரேசாவின் சின்னவனுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது.

உன் தங்கை,
டெலியா


கால்வே மடம்
அக்டோபர் 9

அன்புத் தங்கைக்கு,

எல்லா வரமும் உனக்குக் கிடைக்கட்டும். இங்கே சுகமே. விக்கல் நின்றது.

இந்த முறை ரொட்டி வரவில்லை. ரொட்டிக்காகக் கேட்கவில்லை, யார் கையில் கொடுப்பது என்று உனக்கு யோசனை வந்துவிட்டதோ என்று கேட்கிறேன். படகு நேரம் குழுவில்தான் வரும் என்று எழுதியிருந்தாய். இப்போது ஆர்லாவுக்கு யார் சொல்கிறார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடு உன்னுடையது.

நீயும் குதிரை போட்டாயா?

உன் அக்கா,
சகோதரி கொலும்பா


டோர்னா
அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உனக்கு ஆரோக்கியம் தரட்டும். ஜார்லத்துக்குச் சளி, எனக்கும் தலைவலி. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இந்த ஜனங்களைப் பற்றி நீ என்ன நினைத்திருந்தாலும் அதைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொள். வியாழக்கிழமை ஆர்லாவின் அம்மாவுக்கு கால்வே ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷன். காலைப் படகில் போவதாக இருந்தாள். காற்று திரும்புகிறது என்று ஃபெஸ்டி படகை இரண்டு மணி நேரம் முன்னால், எட்டுக்கே எடுக்கப்போவதாகக் காலை டீ நேரத்தில் குழுவில் செய்தி வந்தது. குழுவில் இல்லாதவள் ஒருத்திதான். அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஒருத்தரும். எப்படிப்பட்ட நெஞ்சு பார். வாரம் தவறாமல் பூசையில் நற்கருணை வாங்குகிற நாக்குகள்.

பழைய நேரத்துக்குப் பையோடு துறைக்குப் போயிருக்கிறாள். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த பேடின் என்ன சொன்னான் தெரியுமா? "படகு அப்பவே போயிடுச்சு டீச்சர். கோர்ட்ல கேஸ் போடுங்க." அடுத்த இரண்டு நாள் கடல் கொதித்தது, படகே இல்லை. மழையில் துறையிலேயே வெகுநேரம் நின்றாளாம். ஜார்லத் வந்து சொன்னார். நான் அப்போது ஜெபமாலையில் இருந்தேன்.

நீ கேட்டதற்கு: ஜார்லத்தின் சிங்கி இறால் பெட்டிகள் வாரம் இரண்டு முறை ஃபெஸ்டியின் படகில்தான் சந்தைக்குப் போகின்றன. ஃபிலோமினா முகம் திருப்பினால் பெட்டி துறையிலேயே கிடந்து நாறும். உனக்கு அங்கே இதெல்லாம் கிடையாது.

தலை வலிக்கிறது. வேண்டிக்கொள்.

டெலியா


கால்வே மடம்
அக்டோபர் 22

அன்புத் தங்கைக்கு,

சளிக்கு வெந்நீரும் தேனும் கொடு. உன் தலைவலிக்கு வேண்டிக்கொள்கிறேன்.

செய்தி டீ நேரத்தில் வந்தது. அவள் இரண்டு மணி நேரம் கழித்து உன் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறாள். அது நீளமான ஜெபமாலை.

ஆர்லாவின் அம்மா பிழைத்துக்கொண்டாள். கண் விழித்தபோது நர்ஸ்தான் இருந்தாளாம்.

கொலும்பா


டோர்னா
நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதுவதற்கு என்ன இருந்தது? ஜார்லத்துக்குச் சளி விட்டது.

தேர்தல் முடிவு மடத்துக்கும் வந்திருக்கும். பைக் ஜெயித்துவிட்டாள். ஆனால் நம் தீவின் பெட்டி கதை உங்களுக்கு வந்திருக்காது. ஓட்டு எண்ணும் இடத்தில் கட்சிக்காரர்கள் கம்பித் தடுப்பில் சாய்ந்து, பெட்டி பெட்டியாகச் சீட்டுகளை விரிக்கும்போதே பென்சிலால் குறித்துக்கொள்வார்களே, அப்பா காலத்திலிருந்து அப்படித்தானே. பெரிய ஊரின் பெட்டி என்றால் பரவாயில்லை, கூட்டத்தில் தெரியாது. தீவுக்கு ஒரு பெட்டி. சனிக்கிழமை மத்தியானம் வானொலிக்காரன் அந்தக் குறிப்புகளைப் படித்தான். நாங்கள் ஏறக்குறைய எல்லோரும் கடையில் நின்றோம். ஃபிலோமினா கேக் வெட்டி வைத்திருந்தாள்.

'டோர்னா தீவு. ஐம்பத்தோரு ஓட்டு. ஹெகார்ட்டி நான்கு. பைக் நாற்பத்தேழு.'

அக்கா, குளிர்சாதனப் பெட்டி உறுமுவது அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

"பெட்டி மாறிப்போயிருக்கும்," என்றாள் ஃபிலோமினா.

"நான்தான் படகுல கொண்டுபோய்க் குடுத்தேன். ஒரே பெட்டிதான்," என்றான் ஃபெஸ்டி.

"நீ சும்மா இரு."

பேடின் தொண்டையைக் கனைத்தான். "அந்த நாப்பத்தேழுல நான் இல்லப்பா."

"நாங்க மட்டும் இருக்கோமா? எங்க வீட்ல யாரும் இல்ல."

"எங்க வீட்லயும் இல்ல."

எல்லோரும் சொல்லி முடித்தபோது நாற்பத்தேழு ஓட்டும் பெற்றவர் இல்லாத பிள்ளைகளாக நின்றன. பின்னாலிருந்து ஒரு குரல், "அந்த டீச்சர் வேலையாத்தான் இருக்கும்," என்றது. ஒருத்தி நாற்பத்தேழு சீட்டுப் போட்டாளாம். ஃபெஸ்டிதான் சொன்னான்: "அவங்க பேரு நம்ம பட்டியல்லயே இல்ல. கால்வேல, அவங்க அம்மா வீட்ல இருக்கு." கேக்கை எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். கேக்கை விடவில்லை, பார்த்துக்கொள்.

இவ்வளவு பேருக்கும் மனதில் ஒன்று, கையில் ஒன்று, போனில் ஒன்று. டொனகல் என்றவனை ஒருவனும் மன்னிக்கவில்லை. ஆனால் அதை வெளியே சொன்ன ஒரே பிள்ளையைத் துறையில் நனையவிட்டார்கள். எனக்கு இவர்கள் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து போன இரண்டு சீட்டைப் பற்றி நீ கேட்கவேண்டாம்.

ஆர்லா ராஜினாமா கொடுத்துவிட்டாள். கிறிஸ்துமஸ் விடுமுறை வரைதான். திரேசா அக்கரையில் வீடு பார்க்கப் போயிருக்கிறாள்.

டெலியா


கால்வே மடம்
நவம்பர் 24

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்து அரசர் உன் வீட்டை ஆளட்டும். தாமதத்துக்குக் காரணம் இருமல் இல்லை. உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆர்லா வந்திருந்தாள். அவள் உன்னைப் பற்றி ஒன்றும் குறைசொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. போகும்போது கதவருகே நின்று, "அன்னைக்குக் காலைல ஏழரைக்கே டெலியாம்மா வீட்டுப் புகைபோக்கில புகை வந்துட்டு இருந்துச்சு, சிஸ்டர். ஜன்னல்ல நின்னாங்க. நான் கை காட்டினேன். அவங்களும் காட்டினாங்க," என்றாள்.

நீ ஜெபமாலையில் இருந்ததாக எழுதியிருந்தாய்.

இன்னும் ஒரு வருஷம் இருக்க மாட்டாயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரே ஒரு ஆள், பட்டப்பகல்ல, நாலு பேர் பாக்க என் கதவைத் தட்டி, படகு எத்தனை மணிக்குன்னு சொல்லட்டும். ராஜினாமாவைத் திருப்பி வாங்கறதப் பத்தி அப்புறம் பேசலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேலியா என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

உன் அக்கா,
சகோதரி கொலும்பா


டோர்னா
டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா துணை. உன் கடிதத்தை அடுப்பில் போடலாமா என்று பார்த்தேன். போடவில்லை.

இன்று காலைப் பூசைக்குப் போய்வந்து, உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு, குழுவில் எழுதினேன். எழுதியது இதுதான்: 'நான் போட்ட குதிரை பொய். என் ஓட்டு பைக்குக்கு. படகு நேரம் மாறியது அன்று எனக்குத் தெரியும். ஆர்லாவைப் பார்த்தும் சொல்லவில்லை. டெலியா.' ஜார்லத்திடம் முன்னால் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இறால் பெட்டியைப் பற்றிப் பேசியிருப்பார்.

உருளைக்கிழங்கு வெந்து முடிவதற்குள் என்னை நீக்கிவிட்டார்கள். 'ஒற்றுமைக்காக' என்று இந்த முறை எழுதக்கூட இல்லை. என்னோடு சேர்ந்து யாராவது ஒருத்தர் ஒரு வரி எழுதுவார்கள் என்று நினைத்தேன். எழுதவில்லை. என்னைப்போலத்தானே அவர்களும்.

ஆனால் விளக்கு வைக்கிற நேரம் பின்வாசல் தட்டும் சத்தம். பேடின். "நாளைக்குப் படகு பதினொன்றரைக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாத." அவன் போனதும் தபால்காரர் பெண்டாட்டி. அதே பதினொன்றரை, அதே 'சொல்லிடாத'. அப்புறம் இன்னும் மூன்று பேர். ஒருத்தி வேலியைத் தாண்டிக் குதித்துப் பாவாடையைக் கிழித்துக்கொண்டாள். ஐந்து பேரும் என் காதில் கிசுகிசுத்தது இன்னொன்று: நானும் அந்த நாற்பத்தேழில்தான்.

நான் நாளைக்கு எங்குமே போகவில்லை, அக்கா.

எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஓட்டுப்பெட்டியில் தைரியம், பின்வாசலில் தர்மம். முன்வாசல் மட்டும் ஃபிலோமினாவுக்கு.

ஜார்லத் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டார்.

டெலியா


கால்வே மடம்
டிசம்பர் 13

அன்புத் தங்கைக்கு,

நான்கு வரி எழுதினாய், சரி. அதைப் படிக்க ஆர்லா அந்தக் குழுவில் இல்லை.

இங்கே கணப்பு மூட்டியாயிற்று.

கொலும்பா


டோர்னா
டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பாலன் சேசு உங்கள் எல்லோருக்கும் நல்ல சுகம் தரட்டும். நாங்கள் சுகம். ஜார்லத் பேசத் தொடங்கிவிட்டார். இறால் பெட்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

ஆர்லா நேற்றுப் படகில் கிளம்புவதாக இருந்தது. பெட்டிகளை எல்லாம் கட்டிப் பள்ளிக்கூடத்து நடையில் அடுக்கியிருந்தாள். முந்தின நாள் என் பின்வாசலில் நான்கு பேர் வந்து, மத்தியானப் படகு இல்லை, காலை ஒன்பதுக்கே எடுக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆர்லா வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்களேன் என்று நால்வரிடமும் சொன்னேன். நால்வருக்கும் அடுப்பில் ஏதோ இருந்தது.

அன்று மத்தியானம், நல்ல வெயில், பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பத்து எட்டுத்தான் தூரம். கடை எதிரே.  போய்ப் பார்த்தால் ஆர்லாவின் கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே ஓர் ஆள் நிற்கிறான். ஃபெஸ்டி. ஃபிலோமினாவின் புருஷன்.

"நாளைக்குப் படகு ஒம்பது மணிக்கு, டீச்சர்," என்றான். கடலில் கத்துகிற குரல் அது, தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "போன தடவை நானே வந்து சொல்லியிருக்கணும். என் படகு."

எதிரே கடைக் கதவு திறந்தது. ஃபிலோமினா ஏப்ரனோடு வெளியே வந்தாள்.

"அங்க என்னய்யா பண்ற?"

"நேரம் சொல்றேன்."

"அதான் குழுவுல போட்டாச்சே."

"ஹெகார்ட்டிக்கு விழுந்த அந்த நாலுல நான் இல்ல, ஃபிலோ," என்றான் திரும்பிக்கூடப் பார்க்காமல். "இறால் பெட்டிய ஏத்துறதும் இறக்குறதும் நான்தான். அதையும் சேத்துச் சொல்லிடுறேன்."

அக்கா, முப்பது வருஷமாக அவள் ஏச்சைக் கேட்டுக்கொண்டு நின்ற ஆள் அவன். கடைக் கதவு சாத்திய வேகத்தில் அதன் மணி கீழே விழுந்தது. ஹெகார்ட்டிக்குப் போட்ட அந்த நான்கு பேர் யார் என்று அவள் இப்போது குழுவில் கணக்கெடுக்கிறாளாம்.

பிறகு என் முறை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. "ஒம்பது மணிக்குப் படகு, ஆர்லா," என்றேன். "அன்னைக்கு எட்டுக்குன்னு எனக்குத் தெரியும். ஜன்னல்ல நின்னு உனக்குக் கை காட்டினேன்."

"தெரியும், டெலியாம்மா."

"மன்னிச்சிடுன்னு கேக்க வரல. கேட்டா நீ மன்னிச்சுத் தொலைச்சிடுவ. அப்புறம் எனக்கு அது சுலபமாப் போயிடும்."

அவள் தெருவைப் பார்த்தாள். "ரெண்டு பேர் ஆச்சு. இன்னும் யாராச்சும் வருவாங்களா?"

நானும் திரும்பிப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஆறு வீடு, அந்தப் பக்கம் ஐந்து. ஒவ்வொரு ஜன்னலிலும் திரை அசைந்தது. ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் எனக்கு நேரம் சொல்ல வந்த முகம். நான் கையை உயர்த்தி அவர்கள் எல்லோருக்கும் ஆட்டினேன். திரைகள் அசைவதை நிறுத்திக்கொண்டன.

"இல்லம்மா," என்றேன். "இவ்வளவுதான் நாங்க."

நேற்றுக் காலை ஒன்பது மணிப் படகில் ஒரே ஒரு பையோடு ஏறினாள். கட்டிய பெட்டிகள் பள்ளிக்கூடத்து நடையிலேயே இருக்கின்றன. சாவியை என்னிடம் கொடுத்து, எலி வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வருவேன் என்று சொல்லவில்லை. திரேசா அக்கரை வீட்டுக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஜனவரி ஆறுக்குப் பள்ளி திறக்கவேண்டும்.

அதுவரை தினமும் போய்ப் பார்த்துவருகிறேன், பட்டப்பகலில்.

எல்லாச் சகோதரிகளுக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து.

உன் தங்கை,
டெலியா